நிறம் மாறிய பாத்டப்: தேய்ப்பதா, மெருகேற்றுவதா, பூசுவதா, மாற்றுவதா?

வெள்ளையாக வாங்கிய பாத்டப் சில ஆண்டுகளில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறத் தொடங்கியதும், வீட்டுக்காரர் முன்னால் பல வழிகள் வந்து நிற்கின்றன. கடையில் கிடைக்கும் திரவத்தை ஊற்றித் தேய்க்கலாம். பாலிஷ் போடுபவரை அழைத்து மெருகேற்றலாம். மேலே புதிதாக ஸ்பிரே பூச்சு அடிக்கலாம். டைல்ஸை உடைத்துத் தொட்டியையே மாற்றிவிடலாம். முதல் வழிக்கு ஒரு சிறு பாக்கெட் சிட்ரிக் ஆசிட் வாங்கும் காசு போதும். கடைசி வழிக்குத் தொட்டியின் விலையோடு கொத்தனார் கூலி, டைல்ஸ், வாட்டர்புரூஃபிங் எல்லாம் சேரும். இத்தனை பெரிய வேறுபாடு இருக்கும்போது, பெரும்பாலோர் விலையை வைத்தோ, முதலில் வீட்டுக்கு வந்த ஆள் சொன்னதை வைத்தோ முடிவு செய்துவிடுகிறார்கள். ஸ்பிரே அடிப்பவர் வந்தால் ஸ்பிரே அடிக்கச் சொல்வார்; தொட்டி விற்பவர் வந்தால் மாற்றச் சொல்வார்.

இந்த வழிகளில் எதுவும் பொதுவாக நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல முடியாது. நிறமாற்றம் மேற்பரப்பின் மீது படிந்திருக்கிறதா, மேற்பரப்புக்குள் ஊறியிருக்கிறதா, மேற்பரப்பே வெயிலிலும் தேய்மானத்திலும் மாறிப்போயிருக்கிறதா, அல்லது விரிசல் வழியாக அடியிலிருந்து எழுகிறதா என்பதைக் கண்டுபிடித்த பிறகுதான் வழிகளை ஒப்பிடுவதில் பொருள் உண்டு. படிந்த கறைக்கு ஸ்பிரே அடிப்பது வீண் செலவு. ஊறிய கறையை ஆசிட் ஊற்றித் தேய்ப்பது தொட்டியைக் கெடுக்கும் வேலை. விரிசல் விழுந்த தொட்டிக்கு மெருகேற்றுவது சேதத்தைச் சில மாதங்கள் மறைத்து வைப்பதற்கு மேல் எதுவும் செய்யாது.

முதலில் தொட்டி எதனால் ஆனது என்று பாருங்கள்

காந்தம் ஒட்டினால் அது எனாமல் பூசிய இரும்போ எஃகோ. இந்தக் கட்டுரை அதற்குப் பொருந்தாது. காந்தம் ஒட்டாமல், விரல் முட்டியால் தட்டினால் மந்தமான ஓசை தந்து, தொட்டால் அவ்வளவாகக் குளிராமல் இருந்தால் அது அக்ரிலிக்காகவோ ஃபைபர்கிளாஸாகவோ இருக்கும். இரண்டும் மேலிருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கும் என்பதால் பலரும் இந்த இடத்திலேயே தடுமாறுகிறார்கள்.

அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. தொட்டி நிரம்பி வழியாமல் இருக்கப் பக்கவாட்டில் வைத்திருக்கும் ஓவர்ஃபுளோ மூடியின் திருகைக் கழற்றி, துளையின் வெட்டு விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். அக்ரிலிக் தொட்டியானால் வெள்ளை நிறம் சில மில்லிமீட்டர் ஆழம் வரை ஒரே சீராகச் சென்று, அதற்குப் பின்னால்தான் வலுவூட்டும் ஃபைபர் அடுக்கு தெரியும். அக்ரிலிக் தகட்டைச் சூடாக்கி அச்சில் இழுத்து உருவாக்குவதால், நிறம் அந்தத் தகட்டின் முழுக் கனத்திலும் இருக்கும். ஆழமான மூலைகளில் மட்டும் தகடு இழுபட்டு மெலிந்திருக்கும். ஃபைபர்கிளாஸ் தொட்டியிலோ, ஜெல்கோட் எனப்படும் வண்ணப் பிசின் படலம் சுமார் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். அதற்கு அடியில் உடனே பழுப்போ பச்சையோ கலந்த கண்ணாடி இழை வந்துவிடும். விலை குறைந்த சில தொட்டிகளில் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கின் மீது மெல்லிய அக்ரிலிக் படலம் மட்டும் ஒட்டியிருக்கும். அதையும் இந்த விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும்.

அதே மூடிக்கு அடியில் இன்னொரு பயனும் இருக்கிறது. வெளிச்சமும் சோப்பும் தேய்ப்பும் அதிகம் படாத இடம் அது. மூடி மறைத்திருந்த வட்டத்தின் நிறந்தான் தொட்டியின் உண்மையான பழைய நிறம். அந்த வட்டமும் சுற்றியுள்ள பகுதியும் ஒரே மாதிரி இளமஞ்சளாக இருந்தால், தொட்டி வாங்கும்போதே அந்த நிறமாக இருந்திருக்கலாம். இது புதிய டைல்ஸ் பதித்த பிறகு பலருக்கும் வரும் வீண் சந்தேகம். வட்டம் வெள்ளையாகவும் மற்றவை மஞ்சளாகவும் இருந்தால், நிறமாற்றம் உண்மையானது என்பதோடு, எவ்வளவு தூரம் மீட்க முடியும் என்பதற்கான அளவுகோலும் உங்கள் கையில் கிடைத்துவிடுகிறது. இதைப் பார்க்காமல் யாரிடமும் விலை கேட்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இடமும் நிறமும் சொல்வது

கறை எங்கே இருக்கிறது என்பது, அது என்ன நிறம் என்பதைக் காட்டிலும் அதிகம் சொல்லும். குழாய்க்கு நேர் கீழே தொடங்கி வடிகால் வரை ஓடையாக இறங்கும் செம்பழுப்பு, தண்ணீரில் உள்ள இரும்பினால் வருவது. தண்ணீர் தேங்கி நிற்கும் உயரத்தில் வளையமாகப் படிவது உடல் எண்ணெயும் சோப்பும் உப்பும் சேர்ந்த படிவு. தரையில் மட்டும், அதுவும் வழுக்காமல் இருக்கப் போட்ட ரப்பர் விரிப்பின் வடிவத்திலேயே, உறிஞ்சு கிண்ணங்களின் வட்ட அடையாளங்களோடு தெரியும் மஞ்சள் பழுப்பு, ரப்பரில் இருக்கும் வேதிப்பொருள் தொட்டிக்குள் ஊறியதால் வந்தது. ஜன்னலை நோக்கிய பக்கம் மட்டும் சீராக மஞ்சளித்திருந்தால் அது வெயில். மூலைகளிலும், தொட்டிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கை அடைக்கும் சீலண்ட் ஓரங்களிலும் வழவழப்பாக இளஞ்சிவப்பாகத் தெரிவது ஈரத்தில் வளரும் பாக்டீரியாவின் படலம். சீலண்டிலேயே கறுப்புப் புள்ளிகளாக இருப்பது பூஞ்சை. பித்தளைக் குழாய் சொட்டும் இடத்தில் நீலப்பச்சை தெரிந்தால் அது செம்பு உப்பு.

தமிழ்நாட்டு வீடுகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இரும்பைத்தான். போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் புழங்கும் அடுக்குமாடிகளில், நிலத்தடியிலிருந்து வரும்போது இரும்பு கரைந்த நிலையில் இருப்பதால் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாகவே இருக்கும். காற்றுப் பட்டதும் அது துருவாக மாறிப் படியத் தொடங்கும். வெள்ளை வாளி ஒன்றில் போர் தண்ணீரைப் பிடித்து இரவு முழுக்க வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால், அடியில் செம்மண் நிற மாசு இறங்கியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தாலே துணியும் குளியலறைச் சாதனங்களும் கறைபடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டி சொல்கிறது. மாங்கனீசு என்றால் 0.1 மில்லிகிராமே போதும். அதன் கறை செந்நிறமாக இல்லாமல் கருப்புக் கலந்த பழுப்பாக இருக்கும். இவ்வளவு சிறிய அளவு என்பதால், குடிக்கத் தகுந்தது என்று சொல்லப்பட்ட தண்ணீர்கூடத் தொட்டியைக் கறையாக்க முடியும்.

அடுத்தது நம் குளியல் பொருட்கள். இது வேறு நாட்டுக் கையேடுகளில் கிடைக்காது என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மஞ்சள் தேய்த்துக் குளிப்பவர் இருக்கும் வீட்டில், தொட்டியின் சாய்வான முதுகுப் பகுதியிலும் கைவைக்கும் விளிம்பிலும் பளிச்சென்ற மஞ்சள் திட்டுகள் தோன்றும். இது வெயிலால் வந்த மஞ்சளிப்பா, அரைத்த மஞ்சளா என்று ஐயம் வந்தால், துணி சோப்புக் கரைசல் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கலாம். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பது போலவே, காரத்தன்மையுள்ள கரைசல் பட்ட இடம் செந்நிறமாக மாறினால் அது மஞ்சள்தான். மஞ்சளின் நிறப்பொருள் ஒளியில் சிதைந்துவிடும் என்பதால், வெயில் விழும் குளியலறையில் அது தானாகவே வெளுக்கும். ஜன்னல் இல்லாத அறையில் அப்படியே தங்கிவிடும்.

மருதாணியும் தலைச்சாயமும் உடனே கழுவினால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் தேய்த்துத் தேய்த்து மேற்பரப்பு ஏற்கெனவே சொரசொரப்பாகிவிட்ட தொட்டியில், அந்த நுண்ணிய கீறல்களுக்குள் சாயம் இறங்கி நின்றுவிடும். சீயக்காயோடு நெல்லிக்காய், கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருட்களை அரைத்துப் பயன்படுத்தும் வீட்டில், அந்தத் துவர்ப்பு தண்ணீரின் இரும்போடு சேர்ந்து கருநீலக் கறையாகிவிடுகிறது. பழைய காலத்து எழுதும் மை இந்த வினையால்தான் கறுத்தது. பூஞ்சை என்று நினைத்து பிளீச்சிங் பவுடரைக் கொட்டுபவர்கள் இந்தக் கறையில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு படியும் மெல்லிய எண்ணெய்ப் படலமோ தானாகக் கறையாவதில்லை. ஆனால் தூசியையும் சீயக்காய்ப் பொடியையும் பிடித்து வைத்துக்கொண்டு, எந்தச் சோதனையையும் குழப்பிவிடும்.

கையால் செய்யும் சோதனைகள்

ஆகவே எந்தச் சோதனைக்கும் முன்பு, பாத்திரம் கழுவும் திரவத்தை வெந்நீரில் கலந்து, மென்மையான துணியால் எண்ணெய்ப் பிசுக்கை முழுவதும் எடுத்துவிட வேண்டும். பிறகு தொட்டியைக் காயவிட்டு, கறை உள்ள இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஈரத்தில் மங்கல் மறைந்து பளபளத்து, காய்ந்ததும் மறுபடி வெளிறித் தெரிந்தால் அங்கே கறையே இல்லை. மேற்பரப்பு கீறல்பட்டு ஒளியைச் சிதறடிக்கிறது. ஈரத்திலும் நிறம் மாறாமல் நின்றால் அது உண்மையான நிறப்பொருள்.

அடுத்து நகத்தால் வருடிப் பாருங்கள். மேடாகத் தட்டுப்பட்டால் அது உப்புப் படிவு. பள்ளமாகவோ கோடாகவோ தட்டுப்பட்டால் கீறலோ விரிசலோ. எதுவும் தட்டுப்படாமல் கண்ணாடி போல வழுவழுப்பாக இருக்கும் இடத்தில் நிறம் மட்டும் தெரிந்தால், அது உள்ளே ஊறியிருக்கலாம்.

இதற்குப் பிறகு வரும் சோதனைதான் மிக முக்கியமானது. ஒரு தேக்கரண்டி சிட்ரிக் ஆசிட்டை ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, பஞ்சை அதில் நனைத்துக் கறையின் ஒரு மூலையில் மட்டும் வைத்து, காய்ந்துவிடாமல் இருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டிக் கால் மணி நேரம் விடுங்கள். எடுத்துப் பார்க்கும்போது பஞ்சு மஞ்சளித்து, அடியில் தொட்டி வெளுத்து, ஓரத்தில் கோடு கிழித்தது போல எல்லை தெரிந்தால் அது இரும்பு. வெறும் படிந்த கறை. நுரைத்துச் சொரசொரப்பு கரைந்தால் அது சுண்ணாம்புப் படிவு. இரண்டும் நடக்காவிட்டால் மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை இன்னொரு மூலையில் இதே போலப் பஞ்சில் நனைத்து வைத்துப் பார்க்கலாம். தலைச்சாயம், மருதாணி, பூஞ்சை போன்ற கரிமக் கறைகள் அதற்குச் சற்றேனும் வெளுக்கும். இரண்டுக்கும் அசையாமல் நின்றால், மறைவான ஓர் இடத்தில் மிக நுண்ணிய உப்புத்தாளான 1500 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, விரல்நுனி அளவு இடத்தை மட்டும் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். சில தேய்ப்புகளில் பழைய வெண்மை எட்டிப் பார்த்தால் மேற்பரப்பின் மெல்லிய அடுக்கு மட்டும் மாறியிருக்கிறது. தேய்க்கத் தேய்க்க அதே நிறம் வந்தால் ஆழமாக ஊறிவிட்டது. அங்கே நிறுத்திவிட வேண்டும்.

விரிசலுக்குத் தனியாக ஒரு சோதனை வேண்டும். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தொட்டியின் தரையோடு ஒட்டிக் கிடைமட்டமாகப் பிடித்தால், மேலிருந்து தெரியாத சிலந்திவலைக் கோடுகள் நிழலோடு எழும்பித் தெரியும். அந்தக் கோடுகளுக்கு இருபுறமும் பழுப்பு கசிந்திருந்தால், தண்ணீர் ஃபைபர் அடுக்குக்குள் போய் வந்துகொண்டிருக்கிறது. தொட்டிக்குள் நின்று எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றும்போது தரை அமுங்கினால், நிறத்தைப் பற்றிய பேச்சையே விட்டுவிட்டு, தொட்டிக்கு அடியில் உள்ள தாங்கலைப் பார்க்க வேண்டும்.

தொட்டியைத் தொடுமுன் தண்ணீரைப் பாருங்கள்

இரும்போ சுண்ணாம்போ காரணம் என்று தெரிந்துவிட்டால், ஒப்பீட்டில் இன்னொரு வழியும் சேர்கிறது: தொட்டிக்கு எதுவும் செய்யாமல் தண்ணீருக்குச் செலவழிப்பது. போர் தண்ணீர் ஏறும் குழாயில் இரும்பு நீக்கும் ஃபில்டர் வைப்பதும், கடினத்தன்மை அதிகமானால் சாஃப்ட்னர் வைப்பதும், மேல்தொட்டியைக் கழுவி அடிமண்டியை வெளியேற்றுவதும் இதில் அடங்கும். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐஎஸ் 10500, கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத நிலையில் 600 வரை அனுமதிக்கத்தக்கதாகவும் வைத்திருக்கிறது. பரிசோதனைக் கூடத்தில் தண்ணீரைக் கொடுத்து இரும்பு, மாங்கனீசு, கடினத்தன்மை ஆகிய மூன்றையும் எழுதி வாங்குவது பெரிய செலவில்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: சாஃப்ட்னர் இரும்பைக் கொஞ்சம் பிடிக்கும் என்றாலும் அதற்காகவே செய்யப்பட்டது அல்ல, இரும்பு அதிகமுள்ள தண்ணீர் அதன் பிசின் மணிகளையே கெடுத்துவிடும். இரும்பு ஃபில்டர் முன்னாலும் சாஃப்ட்னர் பின்னாலும் இருக்க வேண்டும்.

ஒரே அடுக்குமாடியில் எல்லா வீட்டிலும் வாஷ்பேசினும் பாத்டப்பும் பழுப்பேறியிருந்தால், ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தொட்டிக்குச் செலவழிப்பதைவிட, குடியிருப்போர் சங்கம் பொதுத் தண்ணீர்த் தொட்டியில் ஃபில்டர் வைப்பதே சரியான வழி. தண்ணீரைச் சரிசெய்யாமல் ஸ்பிரே அடித்தாலும் புதுத் தொட்டி வைத்தாலும், குழாய்க்குக் கீழே அதே ஓடை அதே இடத்தில் மீண்டும் இறங்கும்.

நான்கு வழிகளும், எது யாருக்கு என்பதும்

படிந்த கறைகளுக்குச் சுத்தம் செய்வதே போதும். அதிலும் எந்தப் பொருள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரும்புக்கு சிட்ரிக் ஆசிட். பிடிவாதமான இடங்களுக்கு ஆக்சாலிக் ஆசிட். இரண்டாவது நச்சுப்பொருள் என்பதால் கையுறை போட்டு, குழந்தைகள் இல்லாத நேரத்தில் பயன்படுத்தி, நன்றாக அலசிவிட வேண்டும். உப்புத் தண்ணீர்ப் படிவின் மீது அதை நேராக ஊற்றினால் சுண்ணாம்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படலமாகிவிடும் என்பதால், முதலில் வினிகராலோ சிட்ரிக் ஆசிட்டாலோ சுண்ணாம்பை எடுத்துவிட வேண்டும். இரும்புக் கறையின் மீது பிளீச்சிங் பவுடர் போடுவது நேர்மாறான வேலை. அது இரும்பை மேலும் துருவாக்கிக் கறையை நிலைநிறுத்திவிடும். பூஞ்சைக்கும் இளஞ்சிவப்புப் படலத்துக்கும் மட்டும் நீர்த்த பிளீச்சைச் சிறிது நேரம் வைத்துக் கழுவலாம். ஆசிட்டையும் பிளீச்சையும் ஒன்றாகவோ, ஒன்றை அலசாமல் அடுத்தடுத்தோ பயன்படுத்தவே கூடாது. அப்போது எழும் குளோரின் வாயு, காற்றோட்டமில்லாத குளியலறையில் உயிருக்கே ஆபத்து. பாத்ரூம் கழுவ வைத்திருக்கும் ஆசிட் பாட்டில் இந்த வேலைக்கு வேண்டாம். அது குழாயின் பளபளப்பையும் வடிகால் வளையத்தையும் டைல்ஸ் இடுக்கையும் அரித்துவிடும்.

அக்ரிலிக்குக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. நெயில் பாலிஷ் அழிக்கும் அசிட்டோனும் பெயின்ட் தின்னரும் அதைக் கரைத்தே விடும். ஆல்கஹால் கலந்த திரவங்கள் அழுத்தத்தில் இருக்கும் அக்ரிலிக்கில் மயிரிழை விரிசல்களை உண்டாக்கும். கம்பி நாரும் சபீனா போன்ற தேய்ப்புத் தூளும் அக்ரிலிக், ஜெல்கோட் இரண்டிலுமே இன்றைக்குக் கறையை எடுத்துவிட்டு, நாளைய கறைக்கு இடம் தயார் செய்து வைக்கும்.

வெயிலில் மஞ்சளித்தவை, கீறலால் மங்கியவை, மேலாக ஊறிய சாயம் ஆகியவற்றுக்கு மெருகேற்றுவது பொருந்தும். இங்கேதான் தொட்டி எதனால் ஆனது என்ற கேள்வி முழு வலுவோடு திரும்பி வருகிறது. அக்ரிலிக்கில் நிறம் முழுக் கனத்திலும் இருப்பதால், 1000, 1500, 2000 என்று படிப்படியாக வாட்டர் பேப்பர் தேய்த்து, காம்பவுண்டு எனப்படும் மெருகேற்றும் பசையைப் போட்டுப் பளபளப்பாக்கினால் அடியில் இருப்பதும் அதே வெள்ளைதான். ஏதாவது கெட்டுப்போகுமானால் அது மெஷினின் சூட்டால்தான். அக்ரிலிக் 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் இளகிவிடும் என்பதால், குறைந்த வேகத்தில், தண்ணீர் விட்டுக்கொண்டே செய்ய வேண்டும். ஃபைபர்கிளாஸிலோ, அரை மில்லிமீட்டர்தான் மூலதனம். ஒருமுறை மிதமாக மெருகேற்ற இடம் இருக்கிறது. இரண்டாம் முறை சந்தேகம். மூன்றாம் முறை விளிம்புகளில் இழை தெரிந்துவிடும். பாலியெஸ்டர் ஜெல்கோட் வெயிலுக்கு அக்ரிலிக்கைவிட எளிதில் மஞ்சளிக்கும் என்பதால், ஜன்னலுக்குத் திரை போடாமல் மெருகேற்றினால் சில ஆண்டுகளில் அதே வேலையைச் செய்யவும் முடியாது, செய்யாமல் இருக்கவும் முடியாது. மெழுகு போடுவதாக இருந்தால் பக்கச் சுவர்களுக்கு மட்டும் போட வேண்டும். தரையில் போட்டால் வழுக்கும்.

ரப்பர் விரிப்பின் கறை இந்த வழிக்குப் பெரும்பாலும் அடங்காது. அது கறையை மேலே விட்டுச் செல்வதில்லை. ரப்பர் பழுதாகாமல் இருக்கச் சேர்க்கப்படும் பொருள் பிளாஸ்டிக்குக்குள் மெதுவாக இடம்பெயர்ந்து, வெளிச்சம் பட்டுப் பழுப்பாகிறது. அக்ரிலிக்கில் கொஞ்சம் தேய்த்துப் பார்க்கலாம். ஃபைபரில் அந்த முயற்சியே வேண்டாம் என்பேன். பார்வைக்கு உறுத்தினால் ஸ்பிரே அடிக்கலாம். உறுத்தாவிட்டால் அப்படியே விட்டுவிடலாம், அதனால் தொட்டிக்கு எந்தக் கேடும் இல்லை. விரிப்பைக் குளித்து முடித்ததும் எடுத்து வெளியே காயப்போடுவதுதான் இதற்கு முழுமையான தடுப்பு.

ஸ்பிரே பூச்சு, ஊறிய கறைக்கும், பரந்து மஞ்சளித்த ஃபைபர் தொட்டிக்கும், தரை அமுங்காமல் மேலே மட்டும் பாழான தொட்டிக்கும் ஏற்றது. டைல்ஸை உடைக்க வேண்டியதில்லை என்பது இதன் பெரும் நன்மை. ஆனால் இது முழுக்க முழுக்க முன்வேலையின் தரத்தில் நிற்கும் வழி. பழைய சிலிகான் சீலண்ட் ஒரு துளி மிச்சமிருந்தாலும் பூச்சு அங்கே விலகிக் கண் போலத் திறந்துவிடும்; மேற்பரப்பைச் சொரசொரப்பாக்காமல் அடித்தால் சில மாதங்களில் தோலாக உரியும்; வளையும் தொட்டியின் மீது எவ்வளவு நல்ல பூச்சும் விரிசல் விடும். ஒருமுறை பூச்சு அடித்த தொட்டியில் உறிஞ்சு கிண்ணம் வைத்த விரிப்பைப் போடவே கூடாது, அது பூச்சைப் பிய்த்துக்கொண்டு வரும்.

இந்த வேலையில் விலையைக் காட்டிலும் முக்கியமான ஒன்று அதைச் செய்பவரின் உயிர்ப் பாதுகாப்பு. பழைய பூச்சை உரிக்க மெத்திலீன் குளோரைடு கலந்த ரிமூவரைப் பயன்படுத்தியதால், 2000 முதல் 2011 வரை அமெரிக்காவில் பாத்டப் புதுப்பிக்கும் தொழிலாளர்கள் 13 பேர் இறந்ததாக அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2012-ல் பதிவு செய்தது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தொட்டிக்குள்ளேயே தேங்கி, குனிந்து வேலை செய்பவரின் மூக்கருகே நிற்கும். அக்ரிலிக் தொட்டிக்கு அது தேவையும் இல்லை, பயன்படுத்தினால் தொட்டியே இளகிவிடும். இரண்டு பாகமாகக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பூச்சுகளில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழலைப் பாதித்து ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியது. ஆகவே விலை கேட்கும்போதே, என்ன ரிமூவர், என்ன பூச்சு, என்ன மாஸ்க், காற்றை வெளியேற்ற என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். துணியை முகத்தில் கட்டிக்கொண்டு வேலை செய்வதாகச் சொல்பவரிடம் அந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். பூச்சு காயும் வரை குழந்தைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் வீட்டில் இல்லாமல் இருப்பது நல்லது.

பழைய தொட்டியின் மீது அளவெடுத்துச் செய்த அக்ரிலிக் உறையைப் பொருத்துவது வட அமெரிக்காவில் வழக்கம். கனடாவில் இருக்கும் வாசகர்களுக்கு இது எளிதில் கிடைக்கும். வளையும் ஃபைபர் தொட்டிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டுக்கும் இடையில் தண்ணீர் புகுந்தால் வெளியேற வழியில்லை.

வாடகை வீட்டில் இருப்பவர் சுத்தம் செய்வதோடு நின்றுவிட வேண்டும். வாட்டர் பேப்பரும் ஸ்பிரேவும் திரும்பப் பெற முடியாத மாற்றங்கள். வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் அவற்றில் இறங்கினால் முன்பணத்தில் கை வைக்கப்படும்.

மாற்றுவது என்ற முடிவு, நிறத்துக்காக எடுக்கப்படும்போது பெரும்பாலும் அவசரமானது. தரை அமுங்குவதற்காகவோ விரிசலில் பழுப்பு கசிவதற்காகவோ எடுக்கப்படும்போது தாமதமானது. கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரியத் தொடங்கிய பிறகு தேய்ப்பதும் பூசுவதும் பேச்சுக்கே இடமில்லாதவை. மாற்றும்போது ஃபைபரைவிட, கனமான தகட்டில் செய்த அக்ரிலிக்கையே எடுக்கச் சொல்வேன். நிறம் ஆழம் வரை இருப்பதால் பின்னால் மெருகேற்றும் வழி திறந்தே இருக்கும். கடையில் தொட்டியைத் திருப்பிக் காட்டச் சொல்லி, வடிகால் துளையின் விளிம்பில் அக்ரிலிக்கின் கனத்தையும், அடியில் ஃபைபர் பூச்சு எல்லா இடத்திலும் சீராகப் படிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பொருத்தும் நாளில், தொட்டியின் அடியில் இடைவெளி விடாமல் தயாரிப்பாளர் சொன்னபடி தாங்கு கொடுத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். பழைய தொட்டி விரிசல் விட்டதற்கு அந்த வெற்றிடமே காரணமாக இருந்திருக்கலாம். பக்கச் சுவரை டைல்ஸ் வைத்து மூடுவதற்கு முன்பு தொட்டியை முழுவதும் நிரப்பி ஓர் இரவு விட்டுக் கசிவு பார்க்கவும், வேஸ்ட் பைப்பை எட்டும்படி ஓரத்தில் ஒரு சிறு கதவு விட்டு வைக்கவும் பிளம்பரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.